எண் பொறிக்காத நான்கு வால்வு பாடிகள்

“4 பாடி. 3ஆவது போச்சு. வெட்டியாச்சு. பாக்கி 3 அனுப்பியாச்சு.”

1995 ஐப்பசி 2, வியாழக்கிழமை. என் டைரியில் அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்றுகூட எழுதி வைக்கிறவன் நான். வீட்டில் முதல் குக்கர் வாங்கிய நாள், நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த நாள் எல்லாம் இருக்கும். பட்டறை வேலையைப் பற்றி மட்டும் ஒரு வரிக்கு மேல் எழுதியதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது தரக்கட்டுப்பாட்டைக் கவனிக்கும் கவிதா சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார். தனியார் ராக்கெட் கம்பெனிகள் இப்போது கோயமுத்தூர்ப் பட்டறைகளைத் தேடி வருகின்றனவாம். “ஐயா, டிஃபென்ஸ் வேலைல இருந்து ஸ்பேஸ் வேலைக்கு மாறுனப்ப உங்களுக்கு எதுங்க ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?” என்று கேட்டார். அளவுகள் நுணுக்கமானவை, தாள்கள் அதிகம் என்று ஏதோ சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். திருப்தியில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் இல்லை. சொல்லாமல் விட்டதை எங்கள் தொழில்கூடச் சங்கத்தின் மலருக்கு எழுதுகிறேன்.

பல்லடம் பக்கத்துக்காரன் நான். ஐ.டி.ஐ., ஒரு பம்பு கம்பெனியில் ஏழு வருடம், பிறகு கோயமுத்தூர் கணபதியில் சின்னசாமிக் கவுண்டர் பட்டறையில் இன்ஸ்பெக்டர். லேத்தில் கடைந்து வரும் பாகத்தை அளந்து, சரி அல்லது தப்பு என்று சொல்வது என் வேலை. முதலாளியின் குடும்பத்தார் காரமடைக்காரர்கள். கறிவேப்பிலையும் வாழையும் போட்டவர்கள். அவர்தான் முதலில் லேத் வாங்கியவர்.

எண்பதுகளின் கடைசியில் எங்களுக்கு ஏவுகணைப் பாகங்கள் வந்தன. அந்தச் சொல்லை நாங்கள் பட்டறைக்குள்கூடச் சொன்னதில்லை. அதற்குப் பெயர் ‘பம்பு வேலை’. கோயமுத்தூரில் யாரைப் பார்த்தும் பம்பு வேலை செய்கிறேன் என்றால் அடுத்த கேள்வி வராது. என் மனைவிக்கே ஆறு வருடம் அவ்வளவுதான் தெரியும். லேப்பிங் பிரிவில் இருந்த ரஜாக் பாய் மட்டும் மதியச் சாப்பாட்டின்போது சிரிக்காமல் கேட்பார்: “ஏனுங்கண்ணா, நம்ம பம்பு எத்தன அடில தண்ணி எறைக்கும்?” கோட்டைமேட்டுக்காரர். இரண்டு எஃகு முகங்களைத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஒட்ட வைப்பதில் அவர் கைக்கு நிகர் நான் பார்த்ததில்லை.

அந்த வேலையைக் கொடுத்த பாதுகாப்புத் துறையிலிருந்து மாதம் ஒரு முறை ராவ் என்ற அதிகாரி வருவார். காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில் தங்குவார். எந்த நாள் வருவார் என்று சொல்ல மாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வரைபடத்தை ஒட்டிய உறையில் கொண்டு வருவார். மாலை ஐந்து மணிக்கு அது அவர் கைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு நாள் நாலே முக்காலுக்கு ஒரு தாளைக் காணவில்லை. அவர் எழுந்து போய்க் கேட்டைப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் கழித்து, யாரோ டிபன் கேரியருக்கு அடியில் விரித்து வைத்திருந்த தாளாக அது கிடைத்தது. அவர் அதில் இருந்த சாம்பார் வட்டத்தைக் கைக்குட்டையால் ஒற்றினார். “உங்கள் யாருக்கும் இது என்னவென்று தெரியாதது உங்களுக்குத்தான் நல்லது” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் நான் பட்டறைக் குறிப்பு எழுதுவதை நிறுத்தினேன். டைரிக்கு ஒரு வரி. அதிலும் பெயர் இருக்காது.

ராவின் இரண்டு வழக்கங்களை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பாகத்துக்கு வரிசை எண் பொறிக்கும் அச்சுகளை அவர் ஒரு பூட்டிய பெட்டியில் கொண்டு வருவார். எல்லாச் சோதனையும் முடிந்து, பெட்டியில் அடைக்கும் முன் கடைசியாகத்தான் எண் விழும். அதுவரை தட்டில் இருக்கும் ஐம்பது பாகமும் பெயரில்லாதவை. எதை எடுத்து எதில் மாட்டினாலும் பொருந்த வேண்டும், அதுதான் எங்கள் பெருமை. இன்னொன்று, தப்பான பாகம் அன்று சாயங்காலத்தைத் தாண்டி முழுதாக இருக்கக் கூடாது. அவர் கண் முன்னால் வெட்டி, துண்டுகளை அவரே எடுத்துப் போவார். வெளியே ஒருவன் கையில் அது முழுதாகக் கிடைத்தால் அளந்து பார்த்துவிடுவான் என்பது பயம். எங்களுக்கு அது பயமாக இருந்து, பிறகு பழக்கமாயிற்று.

1994இல் அந்த வேலை மெலிந்தது. ஒரு நாள் ராவ் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் கைகுலுக்கினார். பிறகு வரவில்லை. ஏன் என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. பாதி லேத்துகள் துணி போர்த்திக் கிடந்தன. முதலாளி ஊர் ஊராக அலைந்து, கடைசியில் விண்வெளி ராக்கெட்டுக்கு நான்கு வால்வு பாடி செய்யும் வேலையைக் கொண்டுவந்தார். வால்வு பாடி என்பது வால்வின் உடல். கைக்குள் அடங்கும் உருண்டையான எஃகு, நடுவில் துளை. உயர் அழுத்தத்தில் வாயு அதன் வழியாகப் போகும். நான்கே நான்கு. சரியாகச் செய்தால் மேலும் வரும், இல்லாவிட்டால் வராது.

அந்தப் பக்கத்து அதிகாரியின் பெயர் தாமஸ். திருவனந்தபுரத்துக்காரர். முதல் நாளே வரைபடத்தை மேசையில் விரித்து, தேநீர் தம்ளரை அதன் மேலேயே வைத்தார். தம்ளரைத் தூக்க என் கை தானாக நீண்டது. இந்தப் பாகம் ராக்கெட்டில் எங்கே இருக்கும், என்ன செய்யும் என்று ரஜாக் பாய்க்குத் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். “கேளுங்க, என்ன வேணும்னாலும் கேளுங்க” என்றார். நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. ஆறு வருடம் கேட்காமல் இருந்தவர்களுக்கு வாய் எழவில்லை. அவர் கொடுத்த நடைமுறைத் தாளில் நான்காவது வரி: எண் பொறித்த பின்பே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பதினோராவது வரி: ஒதுக்கிய பாகத்தைச் சிவப்புச் சாயம் பூசி, தாமஸ் வந்து பார்க்கும்வரை பூட்டி வைக்க வேண்டும். இரண்டையும் நான் படித்தேன். அடியில் கையெழுத்தும் போட்டேன்.

அந்த வியாழனுக்கு முந்திய நாள் சாயங்காலம், சிங்காநல்லூர் பக்கத்தில் ஒரு சோதனைக் கூடத்தில் எக்ஸ்ரே படம் எடுத்து நான்கு பாடிகளும் தட்டில் திரும்பி வந்தன. நான் எண் பொறித்து அனுப்பவில்லை. எண் கடைசியில்தான் என்று கை முடிவு செய்துவிட்டது. சோதனைக் கூடத்தார் தட்டில் இருந்த வரிசைப்படி ஈய எண்களைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். அந்த எண் படத்தில் மட்டும்தான் விழும், பாடியில் இருக்காது. வியாழன் காலை அறிக்கை வந்தது. ஒன்று, இரண்டு, நான்கு சுத்தம். மூன்றாவதில் மயிரிழைபோல் ஒரு கோடு. உள்ளே விரிசலாக இருக்கலாம்.

தட்டில் இடமிருந்து மூன்றாவதை எடுத்தேன். மற்ற மூன்றுக்கும் எண் பொறித்தேன். பகலுணவுக்கு முன் அந்த மூன்றாவதைப் பாதியாக வெட்டியாயிற்று. எடுத்துப் போக ராவ் இல்லாததால் துண்டுகள் கழிவு இரும்போடு போயின. சாயங்காலம் நல்ல மூன்றும் ரயிலேறின. நான்கு நாளில் தீபாவளி. பட்டறை மூடி, திறந்து, எல்லோரும் ஊரிலிருந்து திரும்புவதற்குள் மாதக் கடைசி வந்துவிட்டது.

ரஜாக் பாய் அதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய் என்பது அவர் நினைவு. என் டைரியில் திங்கள் என்றுதான் இருக்கிறது. மண்ணெண்ணெய்த் தட்டில் வேறு ஏதோ பாகங்களைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“அன்னைக்கு அந்த நாலு பாடியும் எக்ஸ்ரே போயிட்டு வந்து ஒரே கைரேகையா இருந்துச்சுண்ணா. நல்லா கழுவி வெச்சுட்டுத்தான் ஊட்டுக்குப் போனேன்.”

“எப்பங்க பாய்?”

“பொதங்கிழம சாயந்தரம். நீங்க கெளம்புனதுக்கப்புறம்.”

“கழுவி, எடுத்த எடத்துலயேதான் வெச்சீங்களா?”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். “நாலும் ஒண்ணுதானுங்களே. வரிசை எதுக்குங்கண்ணா?”

அவர் சொன்னது ஆறு வருடம் சரியாக இருந்த வாசகம். வெட்டியது சுத்தமான பாடியாக இருக்கலாம். கோடு விழுந்த பாடி நல்லதென்று என் கையால் எண் வாங்கிக்கொண்டு ரயிலேறியிருக்கலாம். வெட்டாமல் வைத்திருந்தால் அதை மறுபடி படம் எடுத்துப் பார்த்து ஒரே நாளில் தெரிந்துகொள்ளலாம். அதையும் நானே அழித்திருந்தேன்.

அன்றே தாமஸுக்குப் போன் செய்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. துண்டுகளைக் கண்டுபிடித்துவிட்டால் யாருக்கும் சொல்ல வேண்டியிராது என்று நினைத்தேன். பாயிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்தார். பிறகு, “உக்கடத்துல எம்மச்சான் கடைக்குத்தான் நம்ம கழிவு போகுது, வாங்க” என்றார்.

செவ்வாயும் புதனும் மதியம் லீவு போட்டுவிட்டு அந்தப் பழைய இரும்புக் கடையில் குவியல்களைக் கிளறினோம். மச்சான் நல்ல மனிதர். “என்ன பாய், மோதரத்தத் தொலச்சுப்போட்டீங்களா?” என்று சிரித்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் தானும் குனிந்து தேட ஆரம்பித்தார். ஒரு பகுதி ஏற்கெனவே உருக்கப் போய்விட்டது என்றார். புதன் சாயங்காலம் பாய் ஒரு பாதியைத் தூக்கிக் காட்டினார். என் ரம்பத்தின் தடம் அதில் இருந்தது. இன்னொரு பாதி கிடைக்கவே இல்லை.

வியாழன் அந்தப் பாதியைச் சோதனைக் கூடத்தில் கொடுத்தேன். வெள்ளி மாலை படத்தைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சுத்தம். கோடு இல்லை. ஆறுதலா, பயமா என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. பாடி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உருண்டை. படத்தில் இருந்த கோடு எந்தப் பாதியில் விழுந்திருக்கும் என்று சொல்ல வழியில்லை. காணாமல் போன பாதியில் இருந்தால் நான் பிழைத்தேன். அதிலும் இல்லையென்றால் ராக்கெட்டுக்குப் போன மூன்றில் ஒன்றில் இருக்கிறது.

சனிக்கிழமையும் போய்விட்டது. ஞாயிறு காலை காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறி, காரமடையில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன். முதலாளி வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

“என்னங்க ஆறுமுகம், ஞாயித்துக்கெழம இவ்வளவு தூரம்? ஊட்ல எல்லாரும் சௌக்கியந்தானுங்களே?”

வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“இத யாருகிட்டயாச்சும் சொல்லிப்போட்டீங்களா?”

“பாய்க்குத் தெரியுமுங்க. வேற யாருக்கும் இல்லீங்க.”

“கெடச்ச பாதி சுத்தமா இருக்குதுங்கறீங்க. அப்ப அந்தக் கோடு கெடைக்காத பாதில இருந்துச்சுன்னு வெச்சுக்குவமே.”

“வெச்சுக்க முடியாதுங்க.”

“பதினெட்டுக் குடும்பத்துக்கு இதுதானுங்க வேல. இந்த நாலுல தப்புன்னா நம்மள அக்கட்ட தள்ளிப்போடுவாங்க.”

வாய்க்காலில் தண்ணீர் ஒரு பாத்தி நிறைந்து அடுத்ததுக்குத் தாண்டியது. அவர் மடையை மாற்றிவிட்டு வந்தார்.

“நாளைக்குக் காலைல எட்டு மணிக்குப் பட்டறைல இருங்க. போன நான் போடறேன். பேசறது நீங்க.”

திங்கள் எட்டே காலுக்கு லைன் கிடைத்தது. முதலாளி ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு என் எதிரிலேயே நின்றார். நான் சொல்லி முடிக்கும்வரை தாமஸ் குறுக்கிடவில்லை.

“எத்தனை நாளா தெரியும்?” என்றார்.

“திங்கக்கெழமைல இருந்துங்க.”

“இன்னைக்கா?”

“இல்லீங்க. போன திங்கள்.”

அவர் தாள்களைப் புரட்டுவது கம்பியில் கேட்டது.

“ரெண்டு பாடி இங்க அலமாரில இருக்கு. நிறுத்தி வைக்கச் சொல்றேன். ஒண்ணு டெஸ்டுக்குப் போயாச்சு ஆறுமுகம். வெள்ளிக்கிழமை காலைல ஓடிச்சு.”

“தாங்குச்சுங்களா?”

“தாங்குச்சு.”

முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டெஸ்ட் நடக்கும்போது ஆட்கள் பக்கத்தில் இருப்பார்களா என்று கேட்டேன். அந்த மனிதரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

“ஓட்டும்போது சுவருக்குப் பின்னால இருப்பாங்க” என்றார் தாமஸ். பிறகு, “அதுக்கு முன்னால அழுத்தம் ஏத்தி வெச்சு ஒரு ஆள் கிட்டப் போகணும். சோப்புத் தண்ணியத் தொட்டு இணைப்பிலெல்லாம் தடவி, குமிழி வருதான்னு பார்க்கணும். குனிஞ்சுதான் பார்க்க முடியும்” என்றார்.

ரிசீவரை வைத்த பிறகு நாட்களை எண்ணினேன். திங்களன்றே சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமைச் சோதனை நடந்திராது. அந்த ஆள் கிட்டப் போயிருக்க மாட்டார். அவர் குனிந்த காலை நேரத்தில் நான் ஒரு பாதித் துண்டின் படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை தாமஸ் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். பழைய பாகங்களில் ஒரே மாதிரி நான்கைக் கேட்டார். அடியில், கண்ணுக்குத் தெரியாதபடி, பென்சிலால் ஒன்று முதல் நான்குவரை எழுதித் தட்டில் வைத்தார். “பாய், அன்னைக்குக் கழுவின மாதிரியே கழுவுங்க” என்றார். பாய் கைக்கு இரண்டாக எடுத்து மண்ணெண்ணெயில் முக்கி, தூரிகையால் துடைத்து, துணியில் உருட்டி, தட்டில் வைத்தார். பென்சில் எண்கள் அழியவில்லை. தாமஸ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். வரிசை மாறியிருந்தது. மறுபடி செய்யச் சொன்னார். இந்த முறை மாறவில்லை. மூன்றாம் முறை மாறியிருந்தது. “நான் வேணும்னு செய்யலீங்க சார்” என்றார்.

“எனக்குத் தெரியும் பாய். உங்க கை வேகமா வேலை செய்யுது, அவ்வளவுதான்.”

பிறகு என்னிடம் ஒரு கட்டு வெள்ளைத் தாளைத் தள்ளினார். “எழுதித் தரணும். புதன் சாயங்காலத்திலிருந்து நேத்து வரைக்கும். மணியோட.”

எழுதினேன். பட்டறையில் நடந்ததைப் பெயரோடும் நேரத்தோடும் எழுதியது ஏழு வருடத்தில் அதுவே முதல் தடவை. எழுதும்போதே, யாரோ கேட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டது போல இருந்தது. கடைசியில் ‘தவறு முழுவதும் என்னுடையது’ என்று ஒரு வரி சேர்த்தேன். தாமஸ் அதை மட்டும் கோடு போட்டு அடித்தார்.

“இது வேண்டாம். என்ன நடந்ததுன்னு மட்டும் போதும். எத்தனை நாள் சொல்லாம இருந்தீங்கன்னு இருக்கு இல்லே? அது போதும்.”

ரயிலுக்குக் கிளம்பும்போது, ஓட்டிய பாடியையும் கழற்றிப் படம் எடுப்போம், முடிவை எழுதுகிறேன் என்றார்.

மார்கழியில் ஒரு கடிதம் வந்தது. அலமாரியில் இருந்த இரண்டும் சுத்தம், ஆனாலும் பயன்படுத்தப்படாது. சோதனையில் ஓட்டிய பாடி ஆய்வில் உள்ளது. நான்கு புதிய பாடிகள் செய்து அனுப்பவும். கீழே தாமஸின் கையெழுத்து. அந்த நான்கையும் செய்தோம். எஃகை வெட்டியவுடன், லேத்தில் ஏற்றும் முன்பே எண் பொறித்தோம். அவை ஏற்கப்பட்டன. அடுத்த வேலையும் வந்தது, முதலாளி பயந்ததுபோல் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஓடிய பாடியைப் பற்றி மட்டும் பிறகு ஒன்றும் வரவில்லை. தாமஸ் மாற்றலாகிப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்ற பின் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். இரண்டாவதற்குப் பதில் வந்தது. அந்த ஆண்டுத் தாள்கள் இப்போது தங்களிடம் இல்லை என்று.

ஆகவே, எது கஷ்டமாக இருந்தது என்று கேட்ட கவிதாவுக்கு என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும். அலமாரியில் இருந்த இரண்டில் கோடு இல்லை. உக்கடத்தில் கிடைத்த பாதியில் இல்லை. அது உருகிப்போன பாதியில் இருந்திருக்கலாம். இல்லாவிட்டால், அந்த வெள்ளிக்கிழமை காலை, எனக்குப் பெயர் தெரியாத ஒருவர் சோப்புத் தண்ணீர்த் தூரிகையோடு முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாரே, அந்த எஃகுக்குள் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.